அண்ணன் மாத்திரை போடாததற்கு யார் காரணம்?

கேள்வி: தொண்டி பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. ஊருக்கே சொல்கிற எனக்கு என் அண்ணனைத் திருத்த முடியவில்லை. வயது 46. விசைப்படகில் பங்குக்குப் போகிறார். போனால் மறுநாள் காலையில்தான் கரை. பிரஷர், சுகர் இரண்டும் இருக்கின்றன. கரையில் இருக்கும் நாள் மாத்திரை போடுவார், கடலுக்குப் போகும் நாள் போடமாட்டார். வாயில் எப்போதும் புகையிலை. இறங்கி வந்ததும் சில நாள் குடிப்பதும் உண்டு. அண்ணி சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார். இன்னும் நாலு விழிப்புணர்வுக் கூட்டம் போடுங்கள் என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள். கூட்டத்துக்கு ஆண்கள் யாருமே வருவதில்லை. எங்கள் ஆட்களுக்குப் படிப்பறிவு இல்லாததுதான் காரணமா? நான் சொல்கிற முறை தப்பா, டாக்டர்?
(பெயர் வேண்டாம், இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கரையில் இருக்கும் நாள் மாத்திரை போடுகிறார், கடலுக்குப் போகும் நாள் போடுவதில்லை. பிடிவாதமோ அறியாமையோ காரணம் என்றால் எல்லா நாளும்தானே போடாமல் இருக்க வேண்டும்? அதே மனிதர், அதே மாத்திரை. இடம் மாறினதும் பழக்கம் மாறிவிடுகிறது. அதனால் முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம், அண்ணனை அப்புறம் பார்க்கலாம்.

அவருக்கு எந்தெந்த மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற, சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை இருந்தால், ஆடுகிற படகில் இருட்டில் அடிக்கடி ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். சுகருக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை இருந்தால் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. அவற்றைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வலை இழுக்கும்போது எவன் சாப்பாட்டு நேரம் பார்ப்பான்? ஒருமுறை கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியிருந்தால் போதும், அடுத்த முறை மாத்திரையைக் கரையிலேயே வைத்துவிட்டுத்தான் போவார். அதைத் திமிர் என்று சொல்லமாட்டேன். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

ஆகவே அவரிடம் ‘ஏன் போடவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘படகில் போட்டால் உடம்புக்கு என்ன செய்யுது’ என்று கேளுங்கள். வரும் பதிலை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். கடலில் இரவு தங்குகிறவர், சாப்பாட்டு நேரம் நிலையில்லை என்பது நோயாளிச் சீட்டில் எழுதப்பட வேண்டிய செய்தி. அது தெரிந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுக்கவோ வேளையை மாற்றவோ முடியும். பிரஷர் மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு எந்த வேளை ஒத்துவருகிறதோ, அந்த வேளையை டாக்டரிடம் கேட்டு நிலையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நீங்களோ அவரோ மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. படகில் அவருடன் போகிற எல்லோருக்கும் சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், உளறல், தள்ளாட்டம். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு சோறு சாப்பிடச் சொல்ல வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, கரைக்குத் திருப்ப வேண்டும். ஒரு மூடி இறுக்கமான டப்பாவில் மாத்திரை அட்டையும் (பிரிக்காமல், உப்புக்காற்றில் ஈரம் ஏறிவிடும்) குளுக்கோஸ் பொட்டலமும் போட்டு, சோத்து வாளியோடு போகும்படி அண்ணியிடம் சொல்லிவையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட படிப்பறிவு விஷயம். 2020-இல் தமிழகம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. இதில் சென்னைக்காரரும் உண்டு, பட்டதாரியும் உண்டு. மீதி 93 பேரும் சொன்ன பேச்சு கேட்காதவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? உங்கள் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதற்குப் பின்னால் இருக்கும் நியாயமே இதுதான். ஆஸ்பத்திரி தூரம், கூலி போகும், வரிசை நீளம் என்பதையெல்லாம் ஒத்துக்கொண்டு, மாத்திரை வீட்டுக்கே வரட்டும் என்று முடிவெடுத்தார்கள். மக்களின் மனதை மாற்றப் பார்ப்பதோடு நிற்காமல் அவர்களைச் சுற்றி இருப்பதையும் மாற்றிய ஏற்பாடு அது.

பொதுச் சுகாதாரத்தில் இந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1988-இல் அமெரிக்காவில் கென்னத் மெக்லராயும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவரின் உடல்நலப் பழக்கத்தை ஐந்து வட்டங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்றார்கள்: அவருடைய அறிவும் மனமும், வீடும் கூட்டாளிகளும், வேலையிடம் போன்ற அமைப்புகள், ஊர், அரசின் கொள்கை. நாம் வழக்கமாக முதல் வட்டத்திலேயே நின்றுகொண்டு சத்தமாகப் பேசுகிறோம். மற்ற நான்கும் எதிர்ப்பக்கம் இழுக்கும்போது அந்தச் சத்தத்துக்குப் பலன் இல்லை. அதற்காக அண்ணனுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொறுப்பு இருக்கிறது. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைச் செய்யவில்லை என்றால்தான் அவரைக் கேட்க முடியும். எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைப்பது மற்றவர்கள் வேலை.

புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் பீடி நிற்காது. இரவில் தூக்கம் வரக்கூடாது, பசி தெரியக்கூடாது, கை வேலையில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து படகில் கிடைக்கும் ஒரே பொருள் உதட்டில் ஒதுக்கும் புகையிலை. கூட இருக்கும் நான்கு பேரும் ஒதுக்கியிருக்க, இவர் ஒருவர் மட்டும் விடுவது மிகவும் கடினம். அதனால் தனி ஆளைப் பிடிக்காமல் படகைப் பிடியுங்கள் என்பேன். டிரைவர் ஒத்துக்கொண்டால் விழித்திருக்கும் முறையைப் பங்கு போட்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கக் கொடுக்கலாம். வாய்க்கு ஏதாவது வேண்டும், அதற்குப் பொரிகடலை, கிராம்பு. ஒரு படகில் இரண்டு பேர் சேர்ந்து விட்டால் மூன்றாமவரும் யோசிப்பார். நிறுத்த உதவி வேண்டும் என்றால் புகையிலை உறையிலேயே அச்சிட்டிருக்கும் 1800-112-356 என்ற இலவச எண்ணுக்கு அவரே பேசலாம். குட்காவுக்குத் தமிழகத்தில் 2013-லேயே தடை வந்துவிட்டது. இருந்தும் படகுத்துறைப் பக்கத்துக் கடையில் கிடைக்கிறது என்றால், அதை விற்பவரிடமும் கண்காணிக்க வேண்டியவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. அண்ணனிடம் கேட்டு என்ன பயன்?

குடியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால், சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சில நாள் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த நாள்களில் வெறும் வயிற்றில் குடிப்பதும் சுகர் மாத்திரையும் சேரக்கூடாது என்பதை அண்ணிக்கும் சொல்லிவையுங்கள். மன உளைச்சலுக்குப் பேச 14416 என்ற எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எல்லையில் பிடிபடுவோமோ, படகு போய்விடுமோ என்ற பயத்தோடு கடலுக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்த உளைச்சல் இல்லாமல் இருக்குமா?

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. காரணம், நாம் எல்லோரும் சமையல்கட்டை மட்டும் பார்க்கிறோம்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு தேக்கரண்டி. உங்கள் கடற்கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். ஊற்று தோண்டி சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிற பெண்களும், தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகிற பெண்களும் உங்கள் மாவட்டத்தில் அன்றாடக் காட்சி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறார்கள், சமைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் சாப்பாட்டு உப்பு கரைந்திருக்கிறது என்று வையுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர் நான்கு லிட்டர் குடித்தால் 4 கிராம். சோற்றில் கை வைக்கும் முன்பே அளவில் ஐந்தில் நான்கு பங்கு முடிந்துவிட்டது. வங்கதேசத்தின் கடற்கரைக் கிராமங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குடிதண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்த இடங்களில் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தமும் அதனால் வரும் சிக்கல்களும் அதிகமாக இருந்தன. ஆக, உங்கள் அண்ணி குழம்பில் அரைச் சிட்டிகை குறைத்ததற்காக வீட்டில் சண்டை நடக்கிறது, குடத்தில் வரும் உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்றும் அளவுக்கு உப்பு கூடத்தான் செய்யும். இதை எல்லா வீட்டிலும் சொல்லுங்கள். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, பார்க்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்தக் கருவி காட்டுவது எல்லா உப்புகளையும் சேர்த்த அளவு. நமக்குக் கவலை தருவது அதில் உள்ள சோடியம். அதை அறிய ஆய்வகச் சோதனைதான் வேண்டும். ஆனாலும் ஊரில் எந்தக் கிணறு மோசம், எது பரவாயில்லை என்று தெரிந்துகொள்ள இந்தக் கருவியே போதும். பிரஷர் உள்ளவர் இருக்கும் வீட்டில் குடிக்கிற தண்ணீருக்காவது நல்ல கிணற்றையோ குழாயையோ ஒதுக்குங்கள். படகுக்கு ஏற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் விசாரியுங்கள்.

சமையலில் அண்ணி ஒரே நாளில் குறைக்க வேண்டாம். நாக்குக்குப் பழக்கம் உண்டு. பிரிட்டனில் 2000-க்குப் பிறகு ரொட்டி செய்யும் நிறுவனங்களே கொஞ்சம் கொஞ்சமாக, சில வருடங்களில் உப்பைக் குறைத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவே இல்லை, நாட்டின் சராசரி உப்பு அளவு இறங்கியது. அதுபோல வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணி குறைக்கட்டும், அண்ணனிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை. புளி, மிளகு, உங்கள் ஊர் முண்டு மிளகாய் எல்லாம் இருக்கும்போது ருசிக்குப் பஞ்சமில்லை. கருவாட்டை ஒதுக்கச் சொல்லமாட்டேன். மீன்பாடு இல்லாத நாளில் அந்த வீட்டுக்கு அதுதான் புரதம். வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறையும் அலசிக் குழம்பில் போடட்டும், கூட உப்பு சேர்க்காமல். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த நாளில் கருவாடு வேண்டாம்.

பெண்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. உங்கள் நோயாளிச் சீட்டுகளில் பாதி பெண்களுடையதாகத்தான் இருக்கும், அதனால் ஒரு வார்த்தை. கருவாடு காயப்போடுகிறவர்களும் நண்டு, மீன் பிரிக்கிறவர்களும் வெயிலில் நாள் முழுக்க நின்றும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறையக் குடியுங்கள் என்று சொன்னால் தலையாட்டுவார்கள், குடிக்கமாட்டார்கள். அங்கே ஒதுங்க இடம் இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கு அவர்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கலாம். மீன் இறங்குதுறையில் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை திறந்திருந்தால் மாத்திரைத் தேவை பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

உங்கள் மேலதிகாரிகள் சொல்லும் கூட்டத்தைப் பற்றி. கூட்டம் பதினோரு மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கும். அந்த நேரத்தில் இரவு முழுக்க விழித்தவர் தூங்குகிறார், அல்லது மீன் விலை பேசுகிறார், அல்லது கடலில் இருக்கிறார். பங்குக் கணக்கில் ஒரு நாள் படகைத் தவறவிட்டால் அந்த நாள் வருமானம் இல்லை. வராதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கூட்டத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறை டோக்கன் வாங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே ஒரு மேசையும் பிரஷர் கருவியும் போதும். இரண்டு நிமிட வேலை. கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, படகு போகாத நாள்களைக் கேட்டு, அதற்கேற்ப உங்கள் வீட்டு வருகையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வருடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில். இது மீன் வளத்துக்காகப் போட்ட விதி, ஆனால் அந்த நாள்களில் ஊர் ஆண்களின் உடம்பு எப்படி இருக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. வருமானம் நிற்கிறது, கடன் ஏறுகிறது, கையில் நேரம் இருக்கிறது. நிவாரணம் 8,000 ரூபாய். 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000-லிருந்து உயர்த்தி அறிவித்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது காணுமா என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டில் காய்கறி குறைவதும், குடி கூடுவதும் அப்போதுதான். ஆனால் புது மாத்திரை தொடங்கவும், அளவு சரிபார்க்கவும், கண், கால், சிறுநீரகப் பரிசோதனைக்கு இராமநாதபுரம் போய்வரவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது. வலை பின்னுகிற இடத்துக்கே போய் உட்காருங்கள். யாரும் தூங்கிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

ஊர் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபின்லாந்தின் வடக்குக் கரேலியா ஒரு சாட்சி. நடு வயது ஆண்கள் மாரடைப்பில் சாவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த பகுதிகளில் ஒன்று அது. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர்கள் உபதேசத்தோடு நிற்கவில்லை. பெண்கள் சங்கங்கள் சமையலை மாற்றின. இறைச்சி, பால் நிறுவனங்களிடம் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைத்தார்கள். பால் மாட்டை நம்பியிருந்த விவசாயிகள் பிழைப்பு கெடாமல் பழச் சாகுபடிக்கு மாற வழி தேடினார்கள். சுமார் 40 வருடங்களில் வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த மக்கள் மீனவர்கள் இல்லை, பனிநாட்டு விவசாயிகள், மரம் வெட்டுகிறவர்கள். அங்கேயும் முதலில் ‘எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள்’ என்றுதான் பேச்சு இருந்திருக்கும்.

நீங்கள் சொல்கிற முறையில் தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் ஒருவர் தலையில் ஐந்து வட்டத்தின் பாரத்தையும் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலதிகாரி அடுத்த முறை கூட்டம் என்றால், ‘எத்தனை ஆண்கள் வந்தார்கள், எத்தனை பேருக்குப் படகுத்துறையில் பார்த்தேன்’ என்று இரண்டு எண்ணிக்கையையும் அருகருகே எழுதிக் கொடுங்கள். மரியாதையாகத்தான். எண்ணைப் பார்த்தால் அவர்களுக்கும் மேலே பேச ஒரு பிடி கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு கிராம சபையைப் பயன்படுத்துங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே 1-ஆம் தேதியும் கிராம சபை உண்டு. மே 1 தடைக்காலத்துக்குள் வருகிறது, ஆண்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அதற்குள் ஊரில் உள்ள கிணறு, குழாய், ஊற்று ஒவ்வொன்றின் டி.டி.எஸ். அளவையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தந்தத் தெருவில் எத்தனை பேர் பிரஷர் மாத்திரை வாங்குகிறார்கள் என்ற எண்ணிக்கையை, பெயர் இல்லாமல், பக்கத்தில் போடுங்கள். மகளிர் குழுப் பெண்களைக் கொண்டே வாசிக்கச் சொல்லி, மூன்றே கோரிக்கை வையுங்கள்: குழாய்த் தண்ணீர் எந்தெந்த நாள் வரும் என்று அட்டவணை, மோசமான கிணறுகளின் தண்ணீரை ஆய்வகத்தில் சோதிப்பது, இறங்குதுறையில் பெண்களுக்குக் கழிப்பறை. தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணனின் மாத்திரை அட்டையை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். அவர் கரையில் இருக்கும் அடுத்த நாளிலேயே அவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். படகில் என்ன நடக்கிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும்.